மெழுகில் கரையாத சிவப்பு

மாமா,

ஷிப்ட் முடிந்து வந்ததும் சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திவிடாதீங்க. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு குன்னத்தூருக்கு, உங்க அக்கா ஊட்டுக்குப் போகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது, ரசத்தைச் சூடு பண்ணிக்கோங்க.

நான் செய்து விற்கிற மெழுகுவர்த்திக்குக் கலர் தீர்ந்துபோனதென்று உங்க டையிங் சாயப்பட்டறையிலிருந்து சிவப்புச் சாயப்பொடி கொண்டுவந்தீங்களே, அது உருகின மெழுகில் கரையவே இல்லை. அடியில் மண் மாதிரி தங்கியது. அப்போதே காட்டினேன். “நூறு தடவ தொவச்சாலும் போகாத சாயம் புள்ள, மெழுகுல நிக்காதா”ன்னு சிரிச்சீங்க. நானும் கலக்கி ஊற்றிவிட்டேன்.

இன்று காலையில் ஒன்றைப் பற்றவைத்தேன். திரி படபடவென்று பொரிந்து கரும்புகை வந்தது. பக்கத்தில் நின்ற நம்ம வர்ஷினி பாப்பா கால் மணி நேரம் விடாமல் இருமினாள். இப்போது பரவாயில்லை.

அதே சிவப்பில் ஆறு மெழுகுவர்த்தியை நேற்றே அக்காவிடம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அவங்க பையன் நித்தீஷுக்கு முதல் பிறந்தநாள். கேக்கைச் சுற்றி, குழந்தை மூஞ்சிக்கு நேராக வைத்துப் பற்றவைப்பாங்க. அக்கா போனே எடுக்கவில்லை. நீங்களும் விடாமல் கூப்பிடுங்க.

மிச்சப் பொடியைக் கட்டி பால்கனியில் வைத்திருக்கிறேன், பிரிக்காதீங்க. கரண்ட் போனால் போன் லைட் போதும்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ஊற்றியது நான்தான்.

கோகிலா

இன்னொன்று. தினமும் வேலை முடிந்து வந்ததும் இருமுறீங்களே, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாப்பா இன்றைக்கு அதே மாதிரிதான் இருமினாள்.