கேரியர் வைத்த சைக்கிள்

அன்புள்ள மகராசிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

இங்கே ஒரு தெருவில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடுகிறோம். கார் நிறுத்த இடம் போய்விடும் என்று கடைக்காரர்கள் சண்டைக்கு நின்றார்கள். கவுன்சிலர் அம்மா மசியவில்லை. நகராட்சியில் மல்லுக்கட்டிப் பாதைக்குப் பணம் வாங்கிவிட்டார்.

பாதையில் சைக்கிள் படம் போடுவது என் வேலை. படம் வெட்டிய தகர அச்சு நெளிந்துவிட்டதால் கையாலேயே வரைந்தேன்.

"பின்னாடி என்னய்யா இது, பலகை மாதிரி?" என்றார் மேஸ்திரி.

"கேரியருங்க. அது இல்லாம என்ன சைக்கிள்?"

அழிக்கச் சொல்லி அவர் கத்திக்கொண்டிருந்தபோது கவுன்சிலர் அம்மா சைக்கிளில் வந்து இறங்கினார். படத்தைச் சுற்றிவந்து பார்த்தார். "இருக்கட்டும். ரெண்டு பேரா போனா நல்லதுதானே" என்றார். இப்போது தெரு முழுக்கக் கேரியர்தான்.

நானும் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி அதில்தான் வேலைக்குப் போகிறேன். பயப்படாதே, பாதைக்குள் கார் வராது. கேரியரில் நீ போட்டு உட்காருவாயே, அந்தச் சின்ன மெத்தையை லீவில் நம் ஊருக்கு வந்திருக்கும் என் அறை நண்பரிடம் கொடுத்தனுப்பு. சாப்பாட்டு டப்பா ஆடாமல் இருக்கும்.

மேஸ்திரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். டப்பா சமர்த்தாகத்தான் பின்னால் உட்கார்ந்து வருகிறது. "மெதுவாப் போங்க" என்று மட்டும் சொல்வதில்லை.

உன் வீட்டுக்காரன்