மடியில் கிடக்கும் மகன்

அக்கா, இன்று புக்கிட் பெருவாங்கில் ஒரு கிளினிக் சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தேன். அதே படம்தான்: இறந்த ஏசுவை மடியில் போட்டுக்கொண்டு மாதா அழுகிறாள். கண்ணாடிச் சட்டம், மேலே தனி விளக்கு. நெற்றி நிறையத் திருநீறு பூசிய டாக்டர், "முன்னூறு வருஷத்துக்கு முந்தி ஒரு இத்தாலிக்காரர் சிவப்புச் சாக்பீஸால வரைஞ்சது. இது நகல்தான், ஆனா என்னா அழகு!" என்றார். மதம் மாறிவிட்டீரா என்று அவரை யார் கேட்டார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்களுடையது லூபோக் சீனா ஊர் மளிகைக்கடையில் சும்மா கிடைத்த காலண்டர் தாள். தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டத்தில் நாம் பக்கத்து வீடு. எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து உங்கள் ஒரே மகன் செத்துப்போன வருஷம். ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டியை ஆணி அடித்தே கொண்டுவந்தார்கள். "தெறக்காதீங்க, பொம்பளைங்க தாங்க மாட்டாங்க" என்று தடுத்தவர் உங்கள் கொழுந்தன். மூடியைப் பிறாண்டிப் பிறாண்டி உங்கள் நகம் பெயர்ந்தது.

பிறகு அந்தத் தாளைச் சாமி மேடையில், முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டினீர்கள். மாதா நெற்றியில் குங்குமமும் வைத்தீர்கள். "ஏன்க்கா இது?" என்றேன்.

"இவளுக்காச்சும் மடியில போட்டு அழக் குடுத்தாங்க லா, பாப்பா."

கொழுந்தனுக்குச் செய்தி போனது. வந்து நின்று கத்தினார்: "வேதக்காரியா மாறிட்டீங்களா அண்ணி? கோயில் கமிட்டியில நான் எப்படித் தலை நிமிந்து ஒக்கார்றது?"

"அது சாமின்னு வைக்கல தம்பி. பெத்தவள்னு வச்சேன்."

அவர் காதில் ஏறவில்லை. கிழித்து அடுப்பில் போட்டார். "நீங்களும் ஒரு மனுசனா?" என்று நான் வாசலில் நின்று கேட்டேன். லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் அத்தனை பேரும் மெல்ல உள்ளே நழுவினார்கள். மகனைத்தான் தொடவிடவில்லை, வெறும் தாளைக்கூடவா விட்டுவைக்கக் கூடாது, பாவிகளா!

மறு வருஷம் நீங்களும் போய்விட்டீர்கள். என் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். இப்போது எந்தச் சாவு வீட்டிலும் பெட்டியை அவசரமாக மூட வந்தால் நடுவில் போய் நிற்கிறேன். வாயாடி என்கிறார்கள். சொல்லட்டும். போன மாதம் பாச்சாங்கில் ஒரு தாய் தன் மகன் தலையை மடியில் வைத்து, வாரிவிட்டு, போதுமட்டும் அழுதாள். அவள் தானாக எழுந்திருக்கும்வரை ஒருத்தரையும் பெட்டிக்குப் பக்கத்தில் நான் விடவில்லை, அக்கா.