மேர்சி சொன்ன வசனம்

09.04.2024, செவ்வாய்

காற்று குறைவு. வலையில் நண்டும் கொஞ்சம் ஓரா மீனும்.

வலையிலிருந்து அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து மதுரா என்ற பிள்ளை தேடி வந்தாள். சினிமாக் கழகமாம். பழைய யப்பான் படம் ஒன்றை எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் போடப் போகிறார்கள். கீழே எழுத்து ஓடினால் குருநகர்ச் சனம் வாசித்து முடிக்கிறதுக்குள் படம் போய்விடும். அதனால் திரைக்குப் பக்கத்தில் மைக்குடன் இருந்து தமிழில் பேச ஆள் வேண்டுமாம்.

“நாலு கூத்திலை ராசாவா நிண்டனீங்களாம், அங்கிள்.”

நாலு இல்லை, ஏழு. திருத்தினேன். உள்ளே மேர்சி சிரித்தது கேட்டது. கட்டி இருபத்தொன்பது வருசமாகியும் அவளுக்கு என் கூத்து சிரிப்புத்தான்.

13.04.2024

மதுராவின் மடிக்கணினியில் படம் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. முந்நூறு நானூறு வருசத்துக்கு முந்திய யப்பான்.

ஒரு படகோட்டி. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். அந்தப் பக்கத்துப் பிரபு சண்டைக்குப் படகு கேட்கிறான். இவனுக்குத் தானும் பெரிய ஆளாக வேண்டும் என்று ஆசை. படகோடு போகிறான். வருசக்கணக்காக வரவில்லை. தளபதியாகிறான். கடைசியில் இரும்புத் தொப்பியோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவனைத் தளபதியாக்கிய பிரபு அதற்குள் செத்துவிட்டான். அது மனைவிக்கும் தெரியும். ஆனாலும் இவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறான்: “பார், நான் தளபதி.”

நல்ல பாத்திரம். எனக்கென்றே செய்தது போல.

ஏன் அப்படி எழுதினேன்?

18.04.2024

முதல் ஒத்திகை. மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசிக் கதவு வரை என் குரல் போனது. பிரபுவுக்குப் பேசுகிற நீக்கிலாப்பிள்ளை அண்ணை, “லெனாட், உன்ரை தொண்டை இன்னும் துருப்பிடிக்கேல்லை” என்றார். அவர் இலேசில் ஒருவரையும் புகழமாட்டார். வீடு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதில் இது ஒரு சந்தோசம்தான். ஒளிப்பானேன்.

22.04.2024, திங்கள்

படகோட்டியின் மனைவிக்குப் பேச இருந்த பிள்ளை சோதனைக்குப் படிக்க வேண்டும் என்று நின்றுவிட்டாள். மதுரா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, நான் விட்டுவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியோடு மேர்சி மண்டப வாசலில் நின்று, “இஞ்சருங்கோ” என்று கூப்பிட்டாள். மீன் சந்தையில் மூன்று வரிசை தாண்டிக் கேட்கிற குரல். மதுரா நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்ரி, நீங்கள் வாசிப்பியளோ?”

மேர்சி படித்தது எட்டாம் வகுப்பு. மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். விரலை வைத்து வைத்து வாசித்தாள். மெதுவாகத்தான். ஆனால் ஒரு சொல்லும் பொய்யாக இல்லை.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அதையும் எழுதிவைக்கிறேன்.

25.04.2024

இன்று கடைசிக் காட்சி. வாசலில் தளபதி நிற்கிறான். மனைவி தண்ணீர் வார்த்துக் கொடுக்கிறாள். தாளில் இருந்த வசனம்: “நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். அதற்காகவே காத்திருந்தேன்.”

மேர்சி வாசிக்கவில்லை. தாளை மடியில் வைத்தாள்.

“உப்பிடி ஒருத்தியும் சொல்லமாட்டாள், பிள்ளை.”

“படத்திலை அப்பிடித்தான் சொல்லுறா, அன்ரி. நான் மாத்தேலாது.”

“இரண்டு பிள்ளையளோடை தனிச்சு நிண்டவள். காத்திருக்க அவளுக்கு எங்கை நேரம்?”

மதுரா என்னைப் பார்த்தாள். நான் நீக்கிலாப்பிள்ளை அண்ணையைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். குருநகரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே.

26.04.2024

மேர்சி கதைக்காமல் இல்லை. கதைக்கிறாள். மீன், சோறு, மழை.

28.04.2024, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தேன். கடலுக்குப் போகவில்லை. இதை ஒருநாள் எழுதத்தான் வேண்டும்.

2006 ஆடி மாசம். என்னிடம் ஒரு படகு. சம்மாட்டியாக வேண்டும், நாலு படகுக்குச் சொந்தக்காரனாக வேண்டும் என்று வெறி. வன்னியில், முல்லைத்தீவுப் பக்கம் மீன் அள்ளலாம் என்றார்கள். படகை லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்ரெல்லாவுக்கு ஒன்பது வயது. சின்னவளுக்கு ஆறு.

சண்டை வரப்போகிறது, யாழ்ப்பாணம் போகிற பாதை பூட்டப்போகிறது என்று சனம் கதைத்தது. நான் நின்ற இடத்துக் கடைக்கு மேர்சி போன் எடுத்தாள். “வந்திடுங்கோ. படகு கிடந்தாக் கிடக்கட்டும்.” அப்போது பாதை திறந்துதான் இருந்தது. இன்னும் இரண்டு கிழமை இருந்தது. நான் திரும்பிப் போகவில்லை. இரண்டாவது படகு வாங்கின சந்தோசத்திலை நிண்டன். ஆவணியிலை பாதையைப் பூட்டினாங்கள்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் நடந்ததுதான். இரண்டு படகும் போச்சு. நான் மட்டும் உயிரோடை தப்பி, சண்டை முடிய முகாமிலை கிடந்து, 2010 மாசியிலை வீட்டு வாசலிலை வந்து நிண்டன். கதவைத் திறந்த பெட்டையை ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை. அது ஸ்ரெல்லா.

நான் ஒண்டும் சொல்லேல்லை. மேர்சி ஒண்டும் கேக்கேல்லை. சோறு போட்டாள்.

அந்த மூன்றரை வருசமும் இங்கே கடலுக்குப் போகவும் இராணுவத்தின் பாஸ், வரவும் பாஸ். மீன் வந்த நாளில் இறங்குதுறையில் வாங்கி, தலையில் சுமந்து, யாழ்ப்பாண நகரச் சந்தை வரை நடந்து விற்றிருக்கிறாள். மீன் வராத நாளில் மற்றவர்களின் கிழிந்த வலை பொத்திக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் ஒருநாளும் பள்ளிக்கூடம் விடவில்லை. இதையெல்லாம் அயலட்டைச் சனம்தான் எனக்குச் சொன்னது. அவள் சொன்னதில்லை.

எல்லோரிடமும் நான் சொல்வது: “பாதை பூட்டி மாட்டுப்பட்டுப் போனன்.” பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

02.05.2024

ஒத்திகையில் மேர்சி அந்த இடம் வந்ததும் வசனத்தை விட்டுவிட்டாள். “படம் போடுற அண்டைக்குச் சொல்லுறன்” என்றாள். மதுராவுக்கு நித்திரை போயிருக்கும்.

04.05.2024, சனி

பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கியது. மண்டபம் நிறைந்து யன்னலுக்கு வெளியிலும் சனம். ஸ்ரெல்லா வைத்தியசாலையில் வேலை முடிந்து தாதி உடுப்போடையே வந்து முன்வரிசையில் இருந்தாள்.

நான் நன்றாகப் பேசினேன். சண்டைக் காட்சியில் ஆட்கள் கை தட்டினார்கள். மேர்சி பக்கத்துக் கதிரையில், மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி. பிள்ளைகளுக்குச் சோறு பங்கிடுகிற காட்சியில் அவள் பேசியபோது முன்னுக்கிருந்த பெண்கள் ஒருவரும் அசையவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அந்த மனைவி தண்ணீர் வார்த்தாள். வாய் திறந்தாள். மேர்சி தாளைப் பார்க்கவில்லை.

“வந்திட்டியள். உள்ளுக்கை வாங்கோ. பிள்ளையளை நான் வளர்த்துப்போட்டன்.”

அழுது சொல்லவில்லை. கோபமும் இல்லை. இறங்குதுறையில் எடை சொல்வது போல, உள்ளதைச் சொன்னாள். அந்த யப்பான் மனுசியின் உதட்டுக்கும் சரியாகப் பொருந்தியது.

அடுத்தது என் வசனம். “பார், நான் தளபதி.” திரையில் அவன் வாய் அசைகிறது. எனக்குக் குரல் வரவில்லை. ஏழு கூத்து ஆடினவன். அவன் வாய் சும்மா அசைந்து மூடியது. முழு மண்டபமும் அதைப் பார்த்தது.

பிறகு கை தட்டல். எழும்பி நின்று தட்டினார்கள். அது எனக்கில்லை. நானும் எழும்பித் தட்டினேன்.

05.05.2024

விடிய, மேர்சி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நேற்று வசனத்தை விட்டிட்டியள். மறந்தோ?”

“இல்லை. வரேல்லை.”

அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் குந்தினேன்.

“பாதை பூட்ட முந்தி நீ போன் எடுத்தனீ. நான் வந்திருக்கலாம், மேர்சி. ஆசையிலை நிண்டிட்டன். பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்.”

கை நின்றது.

“உதைக் கேக்கிறதுக்காண்டிப் பதினெட்டு வருசம் காத்திருந்தனெண்டு மட்டும் நினையாதேங்கோ. எனக்கு வேலை இருந்தது.”

“தெரியும்.”

“ஆனாச் சொன்னது நல்லது.” தண்ணீரை ஊற்றினாள். “அந்தத் தட்டை எடுங்கோ.”

எடுத்துக் கொடுத்தேன்.

11.05.2024

மதுரா வந்தாள். பக்கத்துக் கொழும்புத்துறையிலும் போடக் கேட்கிறார்களாம். வசனத் தாளைப் புதிதாக அடித்து வந்திருந்தாள். கடைசிக் காட்சியில் இருந்தது மேர்சியின் வசனம்.

“இது மொழிபெயர்ப்பு இல்லை, அன்ரி. அதைச் சனத்துக்கு முதலே சொல்லிப்போட்டுத்தான் போடுவம். ஆனா இனி இதுதான்.”

தளபதிக்கு என்னோடு கூத்தாடின அடைக்கலநாதன் பேசட்டும் என்று நான்தான் சொன்னேன். அவனுக்கும் நல்ல குரல். மேர்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

25.05.2024, சனி

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கொழும்புத்துறைக்கு மேர்சியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். காற்றுக்குச் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சனத்துக்குள் ஒரு கதிரையில் இருந்தேன். வாழ்க்கையில் முதல்தரம் மேடைக்கு இந்தப் பக்கம். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர். மேர்சி கடைசி வசனத்தைச் சொன்னாள். பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“உவ ஆர், தம்பி? நடிகையோ?”

“இல்லை ஐயா. என்ரை மனுசி. குருநகரிலை மீன் விக்கிறவ. நான் பாதை திறந்திருக்கேக்கையும் வராமல் வன்னியிலை நிண்டன். உவ தனிய நிண்டு இரண்டு பிள்ளையளை வளர்த்தவ.”

சொல்லும்போது குரல் ஒழுங்காகவே வந்தது.

பெரியவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு எழும்பி நின்று, முன்னுக்கு இருந்தவர்களின் தலைக்கு மேலாக மேர்சியைப் பார்த்தார்.