சிவப்பு மையில் ஒரு டிக்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒன்பது மூட்டை சேர்ந்தது. பாலியெஸ்டர் மட்டும்தான் வேண்டும் என்று சொல்லியும் மாடி வீட்டம்மா ஒரு போர்வையைத் திணித்தார். உருகினால் பாலியெஸ்டர், சாம்பலானால் பருத்தி என்று தீக்குச்சியால் விளக்கிக் காட்டினேன். பருத்திதான். நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்தம்மா போர்வையைப் பிடுங்கிக்கொண்டு மாடியேறிவிட்டார்.

எல்லாம் மகள் வேலை பார்க்கும் ஆலைக்கு. அங்கே பழந்துணியைக் கரைப்பானில் போட்டுக் கொதிக்க வைத்து வெள்ளைத்தூளாக்குகிறார்கள். தூளிலிருந்து புது நூல். கரைப்பானை வீணாக்குவதில்லை; வடித்தெடுக்கிறார்கள். உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவி மேலே போகும், உப்பு அடியில் தங்கும் அல்லவா? அப்படித்தான். சாயம் கீழே, கரைப்பான் மேலே. குளிர வைத்துப் பிடித்து மறுபடி பயன்படுத்துவார்கள்.

வாசலில் எழுதி ஒட்டிவிட்டேன்: "சுத்தம் சோறு போடும். துவைத்து, வாசனையாகத் தரவும்." மூட்டை மூட்டையாக மோந்து பார்த்து, தேறியதற்கு, பழைய வாத்தியார் பழக்கத்தில், சிவப்பு மையில் டிக் போடுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

என் பழைய பேன்ட் பதினொன்றையும் துவைத்து, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை ஒரு பாட்டில் முழுக்க ஊற்றி ஊற வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கிழிஞ்ச பேன்ட்டுக்கு இந்த உபசாரமா? என் புடவைக்கு ஒரு மூடி ஊத்தியிருப்பீங்களா?"

நியாயமான கேள்வி. முழு மார்க்.

மார்ச் 9, திங்கள்

மகள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இருபதாம் தேதி நூல் ஆலைக்காரர்கள் வருகிறார்கள். மூன்றாம் முறை வடித்த கரைப்பான் தண்ணீர் மாதிரி இருந்தால்தான் தூளை வாங்குவார்கள். இல்லாவிட்டால் அவளுடைய பிரிவையே மூடிவிடுவார்களாம்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ரோஸ் கலர்ப்பா."

மார்ச் 10, செவ்வாய்

ஆலைக்குப் போனேன். கண்ணாடிக் குடுவையில் கரைப்பான், வெட்கப்பட்ட தண்ணீர் மாதிரி. ஆனால் மணம்! கரைப்பானை வடிக்கும் வடிகலனைப் பார்த்துக்கொள்பவருக்கு அங்கே ஆவி அண்ணன் என்று பெயர்.

"ஆலையே கமகமன்னு இருக்கு சார். என் வீட்டுக்காரி நாலு நாளா என்னைச் சந்தேகமாப் பாக்கறா."

நல்ல அறிகுறி என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது எழுதவே கூசுகிறது. ஏனென்றால் அந்த வாசனை — இல்லை. இருக்காது.

மார்ச் 13, வெள்ளி

இருக்கிறது.

துவைத்த பேன்ட் ஒன்றின் காலை வெட்டி, தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். நுரை கழுத்துவரை வந்து நின்றது. அரை மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை.

"என்னங்க, பேன்ட்டுக்கு மருந்து கலக்கறீங்களா?"

பால் பொங்கினால் ஆவி மட்டுமா வெளியே வருகிறது? பாலே வருகிறது. வடிகலனிலும் அதுதான். நுரை பொங்கி, அடியில் கிடக்க வேண்டிய சாயத்தையும் தூக்கிக்கொண்டு மேல்குழாயில் ஏறிவிடுகிறது. தெருவையே சோப்பில் ஊற வைத்தவன் யார்? நான். தப்பை ஒத்துக்கொண்டால் பாதி மார்க் என்று வகுப்பில் முப்பத்தைந்து வருஷம் சொன்னேனே, இப்போது என் முறை. விடிந்ததும் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 14, சனி

ஆலைக்குப் போய் மகளிடம் சொல்லிவிட்டேன். விருந்துக்குப் போகிறவர் அழுக்குச் சட்டையோடா போவார் என்று ஓர் உதாரணமும் சொன்னேன்.

"அப்பா, அந்தச் சட்டை விருந்துக்குப் போகலை. கொதிக்கப் போகுது."

எப்படியும் வெந்நீர்த் தொட்டியில் அலசித்தானே போடுவீர்கள் என்று கேட்டேன். ஆவி அண்ணன் தரையைப் பார்த்தார்.

"அலசுவோம் சார். ஆனா உங்க டிக் இருந்துச்சே... அதுக்கு மேல நான் யாரு? பள்ளிக்கூடத்துல என் நோட்டுல ஒரு டிக்கூட விழுந்ததில்லை சார். அதனால அதுக்கு ஒரு மரியாதை."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சுத்தம் சோறு போடும்னு எழுதி, என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேப்பா!"

மார்ச் 16, திங்கள்

மூட்டைகளை எல்லாம் வெந்நீரில் அலசுகிறார்கள். ரோஸ் கரைப்பான் மறுபடி வடிகலனுக்குள் போயிருக்கிறது. சூட்டைக் குறைத்து மெதுவாக வடிக்கப் போகிறார் ஆவி அண்ணன்.

நான் வீடு வீடாகப் போய், இனி துவைக்காமல் தாருங்கள் என்று கேட்டேன். மாடி வீட்டம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"முதல்ல ஓட்டை போட்டீங்க. அப்புறம் துவைக்கச் சொன்னீங்க. இப்ப அழுக்கா வேணும்கறீங்க. வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா சார்?"

மார்ச் 19, வியாழன்

மகள் இன்னும் வரவில்லை. பேனா மூடியைக் கடித்தே தீர்த்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

சாயங்காலம் மகள் மூடி இறுக்கிய இரண்டு குப்பிகளை மேஜைமேல் வைத்தாள். "ஒண்ணு தண்ணி. ஒண்ணு கரைப்பான். மோந்து பாக்கக் கூடாது."

கண்ணாடி மாட்டி, விளக்கடியில் பிடித்து, ஐந்து நிமிஷம் பார்த்தேன். இடதுபக்கம்தான் தண்ணீர் என்று காரணத்தோடு விளக்கினேன்.

"தப்பு. முட்டை மார்க்! நூல் ஆலைக்காரங்களுக்கும் வித்தியாசம் தெரியலை; தூளை வாங்கிக்கறாங்கப்பா" என்று சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 21, சனி

ஓய்வுபெற்ற அன்று போட்டிருந்த பழுப்புச் சட்டையையும் மூட்டையில் கட்டி ஆலையில் கொடுத்தேன். துவைக்கவில்லை. பையில் இருந்த சாக்பீஸ் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆவி அண்ணன் மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிக் இல்லையே சார்?"

"இல்லை. அலசுங்க."

பிறகு அவருடைய குறிப்பேட்டை வாங்கினேன். மெதுவாக வடித்த மூன்று நாளும் மணிக்கு மணி சூட்டை எழுதி வைத்திருக்கிறார். ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். பக்கத்துக்கு ஒன்றாக மூன்று டிக்.