பசை போட்டவருக்கு ஒரு கேள்வி

ஏப்ரல் 2

அன்புள்ள சுருட்டைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. மாநாட்டுக்கு நீ அனுப்பிய விருந்தினர் சீட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நாள் முழுக்கப் பிறத்தியார் போனை நோண்டுகிற எனக்குக் காகிதம்தான் ஓய்வு, அதனால் வழக்கம்போலக் கடிதம். போனில் பேசினால் நீயும் "சரிக்கா, சரிக்கா" என்று மூன்றே நிமிடத்தில் வைத்துவிடுவாய்.

கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. "ஜூன் 2 முதல் 5 வரை விடுமுறை. உரிமையாளர் தொழில்நுட்ப மாநாட்டுக்குச் செல்கிறார்." இரண்டு மாதத்துக்கு முன்பே எதற்கு என்று உன் மாமா கேட்டார். நாலு பேர் படிக்கத்தான்.

வெறும் வேடிக்கை பார்க்க நான் வரவில்லை. இரண்டாம் நாள் பெரிய அரங்கில் 'வடிவமைப்பாளரிடம் கேளுங்கள்' என்று ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. பேச்சாளர் யாரென்று பிறகு அறிவிப்பார்களாம். யாராக இருந்தால் எனக்கென்ன, என்னிடம் இருப்பது ஒரே கேள்வி. உங்கள் கம்பெனி போனில் பேட்டரியை அடியோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களே, அதைப் பற்றித்தான். முதுகுப்பக்கம் சூடு காட்டி, நூலை விட்டு அறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளப்ப வேண்டியிருக்கிறது. பத்துக்கு மூன்று பேட்டரி வளைந்துவிடுகிறது, வளைந்தால் தீப்பிடிக்கக்கூடும். போன மாதம் ஒரு வேன் ஓட்டுநரின் போன் கையிலேயே புகைந்தது. அப்படியே மணல் வாளியில் போட்டேன். அவர் மகள் முதன்முதலில் நடந்த படமெல்லாம் அதோடு போயிற்று. மனிதர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கேள்வியை எழுதியே விட்டேன்: "பேட்டரியை ஒட்டச் சொன்னவர், ஒரு தடவையாவது அதைத் தன் கையால் பிரித்துப் பார்த்திருக்கிறாரா?" எப்படி இருக்கிறது என்று சொல்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

நீ வருவதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சில விஷயங்களை மட்டும் மனதில் வை. புதுச் செருப்பு வாங்கினால் இப்போதே போட்டுப் பழகிக்கொள், அரங்கத்துக்கு அரங்கம் நடந்தே கால் ஓய்ந்துவிடும். எல்லா உரைக்கும் போக ஆசைப்படாதே. நல்ல பேச்சு நடப்பது தேநீர் வரிசையில்தான். கைப்பையில் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். நீ அதில்லாமல் சந்தைக்குக்கூடப் போகமாட்டாய் என்று தெரியும்.

கேள்வி விஷயம். மைக்கில் அரை நிமிடம்தான் தருவார்கள். உன் கேள்வி கொஞ்சம் நேரடியாக இருக்கிறது. அங்கே அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. இப்படி மாற்றலாமா: "பேட்டரி அமைப்பைப் பொறுத்தவரை உங்கள் எதிர்காலப் பார்வை என்ன?" யோசித்துப் பார்.

அன்புத் தம்பி,
சுருட்டை

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வருவதற்குள் இன்னொன்று தோன்றியது. பேட்டரியை விட்டுவிட்டு, புது மாடல் என்னென்ன நிறத்தில் வரும் என்று கேட்டால் என்ன? எல்லோரும் ஆவலாகக் கேட்பார்கள்.

தம்பி

ஏப்ரல் 29

அன்புள்ள சுருட்டைக்கு,

செருப்பு யோசனைக்கு நன்றி சொல்ல வேண்டும். புதுசைப் போட்டுக்கொண்டு தினமும் கடையிலிருந்து வங்கி வரை போய் வருகிறேன். ஆறாவது தடவை வாசலைத் தாண்டியபோது வங்கிக் காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

கேள்வியை வாடிக்கையாளர்களிடம் ஒத்திகை பார்க்கிறேன். உன் மாமா கடிகாரத்தோடு உட்கார்ந்து நேரம் குறிக்கிறார். என் கேள்வி பன்னிரண்டு நொடி. நீ திருத்தியதை வாசித்துக் காட்டியபோது அவர் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டார். "இது கேள்வியா, வாழ்த்து மடலா?" என்று கேட்டார்.

நிறத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை அவருக்குக் காட்டவில்லை. உன் மானத்தை யார் காப்பாற்றுவது?

ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. மதிப்பெண் அட்டையை ஒளித்து வைத்த நாளில், என்றும் இல்லாத அக்கறையாக என் படிப்பைப் பற்றி விசாரிப்பாயே, அந்த வாடை இந்த இரண்டு கடிதத்திலும் அடிக்கிறது. மேடையில் நிற்கப் போகிறவர் உன் மேலதிகாரியா? என் கேள்வியால் உன் வேலைக்கு ஆபத்து என்றால் வாயைத் திறக்கமாட்டேன். உண்மையைச் சொல்.

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

மேலதிகாரி இல்லை. நான்தான்.

மூன்று பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் மேடை. நீ வந்து உட்கார்ந்த பிறகு திரைக்குப் பின்னாலிருந்து நான் வர வேண்டும், உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லாமல் சீட்டு அனுப்பினேன்.

பசையும் நான்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த வரைபடத்தில் போட்டது என் கையெழுத்து. போன் இன்னும் நகக்கண் அளவு மெலிதாக வேண்டும் என்றார்கள், பசை போட்டால் வரும் என்றேன். எங்கள் சோதனைக்கூடத்தில் அந்தப் போனை முந்நூறு தடவை கீழே போட்டுப் பார்த்தோம். ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. உன்னைப் போல ஒருவர் அதை மேசையில் வைத்துக்கொண்டு உட்காருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ ஒருத்தி இருந்தும் தோன்றவில்லை, அதுதான் வெட்கமாக இருக்கிறது.

முதல் வரிசையில் என் மேலாளர் இருப்பார். நீ கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கேட்காதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

தம்பி

மே 16

அன்புள்ள சுருட்டைக்கு,

படித்ததும் கோபம்தான் வந்தது. நான்கு வருடமாக மனதுக்குள் திட்டித் தீர்த்த ஆளுக்கு உன் மூக்கும் முழியும் இருக்கும் என்று நான் கண்டேனா? உன் மாமாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், இன்னும் நிற்கவில்லை. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. என் தம்பி இரண்டாயிரம் பேர் முன்னால் நிற்கப் போகிறான் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

கேள்வியை மாற்றமாட்டேன். அந்த வேன் ஓட்டுநருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஆனால் உன்னை வெறுங்கையோடு மேடையேற்றவும் மாட்டேன். கடையில் கிடந்த உங்கள் கம்பெனிப் போன் இரண்டை உன் மாமா பார்சலில் அனுப்பியிருக்கிறார். பேட்டரியில் சார்ஜை முழுக்க இறக்கிவிட்டேன். என் நூல்கண்டும் உள்ளே இருக்கிறது. மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் நீயே பிரித்துப் பார். அப்போது என் கேள்விக்கு 'ஆமாம்' என்றாவது ஆரம்பிக்கலாம்.

மைக்கில் உன்னை "சார்" என்றுதான் கூப்பிடுவேன், சபை மரியாதை. பதில் சொல்லும்போது நீ "அக்கா" என்று தொடங்கு. அப்படித் தொடங்கிவிட்டால் உனக்குப் பொய் வராது, எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. சோதனைக்கூடத்தில், மேலாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பிரித்தேன். முதல் பேட்டரி வளைந்துவிட்டது. இரண்டாவதைக் கிளப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. கட்டைவிரலில் நூல் அறுத்த கோடு இன்னும் எரிகிறது. உன்னைப் பற்றிச் சொன்னதும், "இதை உங்கள் அக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறார்?" என்று மேலாளர் கேட்டார். ஆறு என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

புது மாடலின் வரைபடம் என் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. அதிலும் பசைதான். போடவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது.

உன் இருக்கை ஏழாவது வரிசை. மைக் இடப்பக்கம். கூட்டம் முண்டியடிக்கும், நீ விட்டுக்கொடுக்காதே. கேள்வியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

"அக்கா" என்றுதான் தொடங்குவேன். அதற்கப்புறம் நான் பாதியில் நின்றுவிட்டால், நீயே மேடைக்கு வந்துவிடு.

உன் தம்பி