ரஹீமா ஏன் கடித்தாள்

அன்பு நூருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. மத்திகிரியில் நம் காம்பவுண்டில் உன் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இன்னும் தலையைத் திருப்புகிறேன். உன் வீட்டுக்காரர் சலீம்தான் வருவார், சூளகிரி கம்பெனியில் ஷிப்ட் முடித்துக்கொண்டு. அதுவரை உன் மகள் ரஹீமா என்னோடுதான் இருப்பாள்.

மூன்றாம் வகுப்பு வந்துவிட்டாள். என் வகுப்புதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தனி டீச்சர் போடுகிறோம் என்று சேர்க்கும்போது உன்னிடம் சொன்னார்களே, இன்றுவரை யாரும் வரவில்லை. கேட்டால், "அதான் நீங்க இருக்கீங்களே டீச்சர்" என்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொள்வாள், விட்டுவிட வேண்டும்.

எங்கள் பள்ளித் தாளாளரை உனக்குத் தெரியும். அவரும் நிர்வாகக் குழுவில் இருக்கிற அவர் சம்பந்தியும் வகுப்புக்குள் வந்தால், பிள்ளைகள் எழுந்து நின்று "குட்... மார்னிங்... சார்" என்று இழுத்துக் கத்த வேண்டும். சத்தம் பத்தாவிட்டால் இன்னொரு தடவை. போன மாதம் ரஹீமா எழுந்திருக்காமல் காதைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு வந்ததே கோபம்!

"என்னையப் பாத்துக் காதைப் பொத்துதா? இன்னொருக்கா இப்படி நடந்தா டி.சி.தான். உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன் டீச்சர்."

எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னார். பயந்துவிட்டேன் நூர். அவள் படிப்பு போய்விடுமோ, என் வேலை போய்விடுமோ என்று. இதில் எது முதலில் தோன்றியது என்று மட்டும் கேட்காதே.

இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார்கள். வராந்தாவில் அவர் குரல் கேட்டதுமே ரஹீமாவிடம் ஓடினேன். அவளைத் தூக்கி நிறுத்தி, பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கையையும் கீழே இழுத்துப் பிடித்தேன். வகுப்பே கத்தியது. அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அப்போதும் நான் விடவில்லை. குனிந்து என் கையைக் கடித்துவிட்டாள்.

மறுநாள் சலீமைக் கூப்பிட்டார்கள். லீவு போட்டுவிட்டு வந்தவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தாளாளர் பட்டறை நடத்துகிறவர் அல்லவா, பேச்சும் அப்படித்தான். "ஒரு பீஸ் சரியில்லன்னா லைனே நின்னுபோவுதுங்க. டீச்சர் கையைப் பாருங்க, எப்படிக் கடிச்சு வெச்சிருக்குன்னு."

நான் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன். வாயையும்தான்.

சலீம் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார். அவருக்கு நான் என்றைக்கு டீச்சர் ஆனேன்? அக்கா என்றுதானே கூப்பிடுவார்! அந்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு கல் மாதிரி நின்றேன். வெட்கங்கெட்டவள். ரஹீமாவை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று திங்கட்கிழமை குழு கூடி முடிவு செய்யுமாம்.

நேற்று சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. சலீம் வண்டியை நிறுத்தியதும் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அவ சும்மா கடிக்கல சலீம். நான்தான் கையை அமுக்கிப் புடிச்சேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவளை அடிச்சிட்டனேக்கா," என்றார். "உங்களைக் கடிச்சிட்டான்னு. எதுக்குக் கடிச்சேன்னு அவளுக்குச் சொல்லத் தெரியலயே."

நூர், திங்கட்கிழமை அவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நான் பேசுவேன். யார் பிடித்தது, யாருக்குப் பயந்து பிடித்தது, எல்லாவற்றையும். வேலை போனால் போகட்டும். எனக்காக அவள் வாங்கிய அடியைத் திருப்பி எடுக்க என்னால் முடியாது. அவளுக்குச் சொல்லத் தெரியாததை நான் சொல்லிவிட்டு வருவேன். இது உன்மேல் ஆணை.

உன் பிள்ளை முகத்தைப் பார்க்கக் கூசுகிற
உன் அக்கா,
கலா