நிற்கிற தண்ணீரில் விட்ட மாலை

என்னங்க, நம் வாய்க்காலுக்கு இன்று காலை தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் நுரையும் சருகும், பின்னால் கலங்கல். காய்ந்த மண் நனையும்போது ஒரு வாசனை வருமே, அது அடுப்படி வரை வந்தது. உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மதகடியில் நீங்கள் நிற்பீர்கள் என்றே ஓடியிருக்கிறேன், பாருங்கள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கால்களுக்கு அது இன்னும் தெரியவில்லை.

நமக்குக் கல்யாணமான வருஷம் நினைவுக்கு வந்தது. வைகாசியில் கல்யாணம். ஆடிப்பெருக்கு நெருங்கியும் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணை திறக்கவில்லை. நம் நன்னிலம் பக்கம் ஒருவரும் நாற்றங்கால் விடவில்லை. ஊருக்கெல்லாம் வயல் கவலை, எனக்கு மட்டும் மாலைக் கவலை. கல்யாண மாலைகளைப் பத்திரப்படுத்தி வைத்து, புதுப்பெண் ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் விட வேண்டும். உங்கள் அம்மா வேறு, "ஓடுற தண்ணில விட்டாத்தான்டி புருஷன் ஆயுசு கெட்டி" என்று சொல்லி வைத்திருந்தார்கள். மற்ற பெண்கள் பம்ப்செட் தொட்டியில் போட்டு முடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். நான் மாட்டவே மாட்டேன் என்று அழுதேன். இருபது வயதில் பிடிவாதத்துக்கு என்ன குறைச்சல்?

நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "தண்ணி நம்மள பாக்க வரலன்னா, நாம போயி அதப் பாத்துட்டு வருவோம். கெளம்பு புள்ள" என்றீர்கள். சருகாகிப் போன இரண்டு மாலைகளையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திருச்சியில் ஒரு பஸ், சேலத்தில் ஒரு பஸ் என்று மாறி மாறிப் போனோம். மாலை சுமந்துகொண்டு மேட்டூருக்கே போன ஜோடி நாம் மட்டும்தான் இருப்போம்.

அணைக்குப் பின்பக்கம், பரிசல் கட்டியிருந்த கரையில் இறங்கினோம். வற்றியும்கூட எதிர்க்கரை எட்டத்தில் தெரிந்தது. உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நம்ம வயலுக்கு வரவேண்டிய வண்டலெல்லாம் இங்கதான் படுத்துக் கெடக்கு. இவ்வளவு தண்ணிய வெச்சுக்கிட்டா தொறக்க மாட்டேங்குறானுங்க?" என்றீர்கள்.

பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "வண்டல் மட்டுமா கண்ணு? அணை கட்டறப்போ முழுகுன எங்க அப்பாரு பொறந்த ஊரே இதுக்கடியிலதான் கெடக்குது" என்றார். தூரத்தில் தண்ணீருக்கு மேலே தெரிந்த ஒரு கல் நந்தியைக் கரண்டியால் காட்டினார். "தண்ணி எறங்குனாத்தான் எங்க கோயிலு கண்ணுக்குத் தெரியும். நீங்க ரொம்போணும்னு கும்புடறீங்க, நாங்க வத்தோணும்னு பாத்துக்கிட்டுக் கெடக்கறோம்."

உங்கள் முகம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு மேட்டூரைத் திட்டி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் புதுத்தண்ணீர் வந்ததும் ஒரு கை அள்ளி, "அந்தம்மா ஊருத் தண்ணி" என்று சொல்லித்தான் மண்வெட்டியைத் தொடுவீர்கள். இன்று நான் அள்ளினேன்.

ஆனால் அன்று மாலைகளைப் பையிலிருந்து எடுக்காமலே நின்றேன். "இது ஓடலியேங்க, நிக்குதே!" என்றேன்.

"நிக்கிற மாதிரிதான் தெரியும். தொறந்து விட்டா நம்ம மாலை பவர்ஹவுஸுக்குள்ள பூந்து, ஊருக்கெல்லாம் கரண்ட்டு குடுத்துட்டு, நேரா நம்ம வாய்க்காலுக்கு வந்துரும் பாரு" என்றீர்கள். அந்த அம்மா சிரித்தார். "எங்க சாமியப் பாத்து உடு தாயி, அது பாத்துக்கும்" என்றார். விட்டேன். இரண்டும் கரையோரமாகவே மிதந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்கள். "நிக்கிற தண்ணிலயாடி விட்டே, பாவி!" அந்த ஒரு சொல் போதாதா? உங்களுக்கு லேசாக இருமல் வந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

புரட்டாசியில்தான் அணையைத் திறந்தார்கள். நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று முழங்கால் சேற்றோடு ஓடி வந்தீர்கள். கையில் நனைந்த மாலைத் துண்டு ஒன்று. "வந்துருச்சு புள்ள! நான் சொன்னேன்ல? இனிமே மூக்குல வெரல வெக்காத, கூசுது" என்றீர்கள். அட, முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தீர்களா! நான் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அன்று முழுக்க உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உங்கள் காரியத்தன்று உங்கள் அக்கா என் காதுபடவே சொன்னார்: "அன்னிக்கே ஓடுற தண்ணில விட்டிருக்கணும்." அதற்குப் பதில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் மாலைகள் வாழைநாரில் கட்டியவை. என் அப்பா பக்கத்தில் இருந்து கட்டச் சொன்னது. நீங்கள் கொண்டு வந்த துண்டில் இருந்தது வெள்ளை நூல். நம் ஊர்ப் பிள்ளையாருக்குத்தான் நூலில் கட்டிய மாலை போடுவார்கள்; கோயில் பின்புறம் கழித்துப் போட்டதை எடுத்து வாய்க்காலில் நனைத்திருக்கிறீர்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான். என் பயத்துக்காகக் குப்பையைக் கிளறிய மனுஷனைப் பார்த்த பிறகு, அந்தப் பயம் எனக்கு வரவே இல்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட வரவில்லை.